விதி சொன்னதும் சொல்லாததும்: ரேஸ் டிராக்கில் இருந்து நொய்யல் வரை

காத்து உள்ள போற வாயை உள்ளங்கையால அடைச்சா என்ஜின் நின்னுடணும். அவ்வளவுதான் டெஸ்ட்.

காலேஜ் மூணாவது வருசம். கோவை செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே. 'ஃபார்முலா பாரத்'ங்கிற மாணவர் போட்டிக்காக நாங்க இருபது பசங்க சேர்ந்து, குழாய் வெட்டி, வெல்டு வச்சு, கடன் வாங்கி, வீட்டுல திட்டு வாங்கி உருவாக்கின குட்டி ரேஸ் கார். பின்னாடி ஒரு பைக் என்ஜின். இந்தப் போட்டியில பெட்ரோல் வண்டிகளுக்கு ஒரு முக்கியமான விதி இருக்கு. என்ஜினுக்குப் போற மொத்தக் காத்தும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு ஓட்டை வழியாத்தான் போகணும். அஞ்சு ரூபாய் காசை விடச் சின்ன ஓட்டை. அதுக்குப் பேர் ரெஸ்ட்ரிக்டர். காத்து குறைஞ்சா எரியற பெட்ரோல் குறையும், சக்தி குறையும். பசங்க பறந்து போய் எங்கயாவது முட்டிக்கக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி, எங்க ரெஸ்ட்ரிக்டருக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவுல இருந்த ஜாயிண்ட்ல மயிரிழை அளவு இடைவெளி இருக்கறதைப் பார்த்தோம். பார்த்தது மூணு பேர். அதுல நானும் ஒருத்தன். வண்டி வழக்கத்தை விட நல்லாவே இழுத்துக்கிட்டு இருந்தது. ஒரு சீனியர் சொன்னார், "ஓட்டை 20 மில்லிமீட்டர் இருக்கணும்னு தானே விதி? ஓட்டை 20 தான்டா இருக்கு. லீக் வேற டிபார்ட்மெண்ட்." நாங்க சிரிச்சோம். மத்தவங்ககிட்ட சொல்லலை.

போட்டி அன்னைக்கு ஸ்க்ரூட்டினியர் வந்தார். என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போது வாயில உள்ளங்கையை வச்சு அடைச்சார். என்ஜின் நிக்கலை. கோழை கட்டின தாத்தா மாதிரி இருமிக்கிட்டே ஓடுச்சு. அவர் திட்டலை, ஒண்ணும் கேக்கலை. பேனாவை எடுத்து ஒரு கட்டத்துல பெருக்கல் குறி போட்டார், அடுத்த வண்டிக்குப் போயிட்டார். ராத்திரி முழுக்க கேஸ்கெட் வெட்டி, சீலண்ட் தடவி, காயறதுக்குக் காத்திருந்து, அடுத்த நாள் பாஸ் ஆனோம். அதுக்குள்ள ரெண்டு பந்தயம் போச்சு. விஷயமே தெரியாத பதினேழு பேருக்கும் சேர்த்துப் போச்சு.

அந்த ராத்திரியில இருந்து எனக்கு ஒரு கேள்வி. புத்திசாலித்தனம் எங்க முடியுது, திருட்டு எங்க ஆரம்பிக்குது? இதுக்கு ரேஸ் வரலாறு முழுக்க பதில் கிடக்கு. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல் வகை: விதி சொல்லாதது

அமெரிக்க நாஸ்கார் பந்தயத்துல ஸ்மோக்கி யூனிக்னு ஒரு மெக்கானிக் இருந்தார். 1960கள்ல பேர் வாங்கினவர். பெட்ரோல் டேங்க் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு விதியில இருந்தது. டேங்க்ல இருந்து என்ஜினுக்குப் போற குழாய் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு இல்லை. மனுசன் 11 அடி நீளத்துக்கு, 2 இன்ச் விட்டத்துல குழாய் போட்டு, அதுலயே 5 கேலன் பெட்ரோல் கூடுதலா கொண்டு போனார்னு கதை.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே, கால்குலேட்டர் எடுத்தேன். 2 இன்ச் குழாய் 11 அடி நீளத்துக்கு வெறும் 6.8 லிட்டர்தான் பிடிக்கும். அமெரிக்க 5 கேலன்னா கிட்டத்தட்ட 19 லிட்டர். கதை சொன்னவங்க குழாயை விட அதிகமா ஊதியிருக்காங்க :-) ஆனா கதையோட சாரம் சரிதான். விதி டேங்கை அளந்தது, குழாயை அளக்கலை.

இதே வகையில உச்சம் 1978ல நடந்தது. ஃபார்முலா 1ல அப்ப லோட்டஸ் வண்டிக்கு அடியில ஓடற காத்தை வச்சே வண்டியைத் தரையோட உறிஞ்சி ஒட்ட வச்சிருந்தாங்க. மத்தவங்களால பக்கத்துலயே போக முடியலை. பிரபாம் டீம்ல கார்டன் மர்ரேன்னு ஒரு டிசைனர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். வண்டிக்குப் பின்னாடி ஒரு பெரிய ஃபேனை மாட்டினார். அது அடியில இருக்கற காத்தை உறிஞ்சி வெளிய தள்ளும், வண்டி தரையோட ஒட்டிக்கும். நம்ம வீட்டு வேக்யூம் கிளீனர்தான்.

நகரக் கூடிய ஏரோடைனமிக் பாகம் கூடாதுன்னு விதி இருந்தது. ஃபேன் சுத்துதே? மர்ரே ரேடியேட்டரை என்ஜினுக்கு மேல படுக்க வச்சார். ஃபேனோட முதல் வேலை ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது, ஒட்ட வைக்கிறது உபரி வேலைன்னு சொன்னார். ஸ்வீடன்ல ஆண்டர்ஸ்டார்ப் டிராக்குல நிக்கி லாடா ஓட்டி, ரெண்டாவது வந்தவரை விட 34 வினாடி முன்னாடி ஜெயிச்சார். மத்த டீம் எல்லாம் கொதிச்சுப் போச்சு. பிரபாம் முதலாளி பெர்னி எக்லெஸ்டோன்தான் அப்ப டீம்களோட சங்கத்துக்கும் தலைவர். சங்கம் உடையக் கூடாதுன்னு வண்டியை அவரே வாபஸ் வாங்கிட்டார். ஒரே ரேஸ், ஒரே வெற்றி. அந்த வெற்றி இன்னைக்கும் பட்டியல்ல இருக்கு.

ஃபேன் ஊருக்கே தெரியற மாதிரி வண்டியோட முதுகுலதான் இருந்தது. மர்ரே அதோட வேலையைப் பத்தி அரைப் பொய் சொன்னார், ஆனா ஃபேனை மறைக்கலை. (பிட்ல நிக்கும்போது குப்பைத்தொட்டி மூடியைப் போட்டு மூடினாங்க. அது வேற :-))

இரண்டாம் வகை: அளக்கற இடம்

1981ல புது விதி. வண்டியோட அடிப்பாகம் தரையில இருந்து 6 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கணும். ஆனா ஓடற வண்டியை அளக்க வழி கிடையாது. பிட்ல நிக்கும்போதுதான் அளப்பாங்க.

மறுபடியும் மர்ரே. காத்தும் எண்ணெயும் அடைச்ச சஸ்பென்ஷன் ஒண்ணு வச்சார். நிக்கும்போது 6 சென்டிமீட்டர் இருக்கும். ஓடும்போது காத்து மேல இருந்து அழுத்தும், வண்டி மெதுவா இறங்கித் தரையை முத்தமிடும், அப்படியே கிடக்கும். ரேஸ் முடிஞ்சு வேகம் குறைஞ்சதும் மெதுவா எழுந்து 6 சென்டிமீட்டருக்கு வந்துடும். அளக்க வர்றதுக்குள்ள வண்டி நல்ல பிள்ளையா நிக்கும். மத்த டீம்கள் கத்திப் பார்த்துட்டு, அடுத்து அதையே காப்பி அடிச்சாங்க. டிரைவரே தட்டற மாதிரி ஒரு ஸ்விட்ச் வச்சு ஏத்தி இறக்கினாங்க. அந்த வருசம் சாம்பியன் பிரபாம் ஓட்டின நெல்சன் பிக்கே.

நான் சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவன். இந்தக் கதையைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரலை. டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சையா பாஸ் ஆகும், கஸ்டமர் கையில போனதும் வெடிக்கும். டெஸ்ட் எழுதற இடத்துல மட்டும் ஒழுங்கா நடந்துக்கற கோடு. நாம எழுதாததா?

அடுத்த வருசம் 1982 இன்னும் சுவாரசியம். வண்டி குறைஞ்சபட்சம் 580 கிலோ இருக்கணும். டர்போ என்ஜின் வச்சிருந்த பணக்கார டீம்கள் சக்தியில முன்னாடி. பழைய காஸ்வொர்த் என்ஜின் வச்சிருந்த டீம்களுக்கு எடையைக் குறைக்கறதைத் தவிர வழியில்லை. விதியில ஒரு வரி இருந்தது. ரேஸ் முடிஞ்சதும் எடை போடறதுக்கு முன்னாடி எண்ணெய், குளிர்விக்கற தண்ணி மாதிரி திரவங்களை நிரப்பிக்கலாம்.

உடனே "பிரேக்கைக் குளிர வைக்க" பெரிய தண்ணித் தொட்டி வந்தது. ரேஸ் தொடங்கின உடனே தண்ணியை வெளிய பீச்சி விட்டுடுவாங்க. பிரேக் பேருக்குத்தான். மிச்ச ரேஸ் முழுக்க வண்டி 580க்குக் கீழ ஓடும். முடிஞ்சதும் தண்ணி நிரப்பி, தராசுல ஏத்தினா எடை சரி. பிரேசில் ரேஸ்ல முதல் ரெண்டு இடம் பிடிச்ச பிக்கேவையும் ரோஸ்பெர்க்கையும் இதுக்காகவே நீக்கினாங்க. கோபத்துல பல டீம்கள் அடுத்து நடந்த சான் மரினோ ரேஸைப் புறக்கணிச்சு, அங்க வெறும் 14 வண்டிதான் ஓடுச்சு.

தராசு பொய் சொல்லலை. வண்டியும் தராசு மேல பொய் சொல்லலை. தண்ணிதான் பொய் சொன்னது. இந்தத் தண்ணியை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில மறுபடி வரும்.

மூன்றாம் வகை: ஒளிக்கறது

1995. உலக ராலி சாம்பியன்ஷிப். டர்போவுக்குப் போற காத்து 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியாத்தான் போகணும். (எங்க காலேஜ் வண்டி விதியோட பெரியண்ணன்.) ஸ்பெயின்ல கேட்டலூன்யா ராலியில டொயோட்டா செலிகா வண்டிகளைப் பிரிச்சுப் பார்த்தாங்க. ரெஸ்ட்ரிக்டர் சரியா 34 இருந்தது. ஆனா அதை டர்போவோட சேர்த்து இறுக்கும்போது, உள்ள இருந்த ஸ்ப்ரிங் அமைப்பு ரெஸ்ட்ரிக்டரைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைக்கும். அந்தச் சந்து வழியா காத்து திருட்டுத்தனமா உள்ள போகும். சோதிக்கறதுக்காகக் கழட்டின உடனே ஸ்ப்ரிங் அதைத் தானா பழைய இடத்துக்குக் கொண்டு வந்து, சந்தை மூடிடும். பார்த்தா ஒண்ணுமே தெரியாது.

எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லியே, மோட்டார் பந்தயத்துல தான் பார்த்ததிலேயே புத்திசாலித்தனமான கருவிகள்ல ஒண்ணுங்கிற அர்த்தத்துல அதைப் பாராட்டினார். பாராட்டிட்டு 12 மாசம் தடை போட்டார். அந்த வருசப் பாயிண்டும் போச்சு.

எங்க லீக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவங்க பிளான் பண்ணிச் செஞ்சாங்க, நாங்க தெரிஞ்சும் சும்மா இருந்தோம். வித்தியாசம் அவ்வளவுதான். அவங்க வேலைப்பாடு நம்மதை விட ஆயிரம் மடங்கு அழகு :-( ஆனா குற்றம் ஒரே குற்றம்.

இப்ப 2009க்கு வாங்க. ஹோண்டா கம்பெனி 2008 டிசம்பர்ல ஃபார்முலா 1ஐ விட்டு ஓடிப் போச்சு. ராஸ் பிரான் அந்த டீமை வாங்கி, தன் பேர்லயே இறக்கினார். வண்டிக்குப் பின்னாடி அடியில இருக்கற டிஃப்யூசர் இவ்வளவு உயரம்தான்னு புது விதி சொன்னது. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் மூணு டீமும் விதி வார்த்தைகள்ல ஒரு சந்து இருக்கறதைக் கண்டுபிடிச்சு, மேல ரெண்டாவது அடுக்கு கட்டினாங்க. மத்தவங்க அப்பீல் போனாங்க, ஏப்ரல்ல எஃப்ஐஏ நீதிமன்றம் "சரிதான்"னு தீர்ப்பு சொன்னது. ஜென்சன் பட்டன் முதல் 7 ரேஸ்ல 6 ஜெயிச்சார். டிரைவர் பட்டமும் டீம் பட்டமும் அவங்களுக்கே.

எனக்குப் பிடிச்சது இதுக்கு முந்தின காட்சி. புது விதிகள் நினைச்ச அளவுக்கு வேகத்தைக் குறைக்காது, இறுக்கணும்னு 2008லயே மத்த டீம்கள்கிட்ட சொன்னதாவும், யாரும் கேக்கலைன்னும் பிரான் பின்னால சொல்லியிருக்கார். சந்து இருக்குன்னு முதல்ல சொல்லு. மூட மாட்டேன்னு சொன்னா அப்புறம் நுழை. இதை என்னால திருட்டுன்னு சொல்ல முடியலை.

கரின்னா யாரு?

இதுவரைக்கும் விதியைப் படிச்சவங்க கதை. இனி விதியை எழுதினவர் கதை.

நாங்க ஃபெயில் ஆன அந்த டிராக்குக்கு 'கரி'ன்னு ஏன் பேருன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. திருப்பூர்ல இருந்து பல்லடம் வழியா போனதால, கறிக்கோழிக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம்னே ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன் (சிரிக்காதீங்க, எங்க டீம்ல பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சானுங்க).

எஸ். கரிவரதன். கோவையில ஒரு மில் குடும்பத்துல பிறந்தவர். அவர் ரேஸ் ஓட்டின காலத்துல டிராக்னு எதுவும் கிடையாது. ரெண்டாம் உலகப் போர்ல மெட்ராஸ் பக்கம் சோழவரத்துல போட்ட விமான ஓடுதளம்தான் டிராக். 1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் வருசா வருசம் ரேஸ் நடத்துச்சு. வைக்கோல் கட்டு, டிரம்மு, மொட்டை வெயில்.

அங்க ஓடின பெரும்பாலான வண்டிகள் எவை? ரோட்டுல ஓடற அதே அம்பாசடர், அதே ஃபியட், அதே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வெளிநாட்டு ரேஸ் கார் வேணும்னா இறக்குமதி லைசென்ஸ், வண்டி விலையைத் தாண்டற சுங்க வரி. விஜய் மல்லையா மாதிரி ஒருசிலர் 1980கள்ல பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டு வந்து சோழவரத்துல ஓட்டினாங்க. பக்கத்துல ஃபியட்டைப் பட்டி பார்த்துக் கொண்டு வந்தவர் நிப்பார். கொடி விழறதுக்கு முன்னாடியே ரேஸ் முடிஞ்ச மாதிரிதான்.

மேலை நாட்டு டிசைனர்களுக்கு விதின்னா எஃப்ஐஏ புத்தகம். நம்ம ஊர்க்காரங்களுக்கு விதின்னா சுங்க இலாகா. கரி அதுக்குள்ள ஒரு சந்தைப் பார்த்தார். 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. கொஞ்ச வருசத்துல எந்த ஊர்லயும் அதுக்கு மெக்கானிக் இருந்தார், ஸ்பேர் இருந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர், கடையில வாங்கும்போது 40 குதிரைத்திறனுக்குள்ள. சிரிப்பு வரும் எண்தான். ஆனா வெளிநாட்டு ரேஸ் கார் கொண்டு வர்றதுக்குத்தானே தடை? மாருதி என்ஜினை எடுத்து டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வைக்கக் கூடாதுன்னு எந்தக் கெஜட்லயும் போடலையே!

1980களோட கடைசியில, குழாய்களை வெல்டு செஞ்ச சட்டம், மேல ஃபைபர் கிளாஸ் உடம்பு, நாலு சக்கரமும் வெளிய தெரியற ஒத்தை சீட் கார் கோவையில தயாராச்சு. பம்ப்செட்டும் ஃபவுண்டரியும் மில் மெஷினும் செஞ்சு பழகின ஊருக்கு இது புதுசு, ஆனா கஷ்டமில்லை. அந்தப் பந்தயத்துக்கு முழுப் பேர் 'ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி என்ஜின்', சுருக்கமா ஃபிஸ்மி. வாயில வந்த பேர் ஃபார்முலா மாருதி.

இதுல கரி செஞ்ச பெரிய காரியம் கார் இல்லை, விதின்னு நான் நினைக்கிறேன். எல்லாருக்கும் ஒரே சட்டம், ஒரே என்ஜின். இங்க காசு இருக்கறவன் கூட நாலு குதிரையை விலைக்கு வாங்க முடியாது. கார்டன் மர்ரேவே வந்தாலும் ஃபேன் மாட்ட இடமில்லை. மிச்சம் இருக்கறது டயர்ல காத்து எவ்வளவு, பிரேக்கை எங்க மிதிக்கிறே, வளைவுல எப்படித் திரும்பறே. அதாவது, நீ ஓட்டுவியா மாட்டியா?

ஃபார்முலா 1ல விதியோட சந்துகள்தான் அழகு. அதை நான் மறுக்கலை. ஆனா அந்த அழகை ரசிக்கறதுக்கு நூத்துக்கணக்கான என்ஜினியர்களும் கோடிக்கணக்கான பணமும் வேணும். ஒண்ணுமே இல்லாத ஊர்ல ஒரு பையனோட திறமையை அளக்கணும்னா, மத்த எல்லாத்தையும் சமமாக்கணும். கரி எதை அளக்கணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் விதி எழுதினார்.

பலன்? கோவையில வளர்ந்த நரேன் கார்த்திகேயன் (அவர் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு தடவை ஜெயிச்சவர்) ஸ்ரீபெரும்புதூர் டிராக்குல ஃபார்முலா மாருதியில தன் முதல் ரேஸ் ஓட்டினார், முதல் மூணு பேருக்குள்ள வந்தார். சென்னையோட கருண் சந்தோக் 2000ல ஃபார்முலா மாருதி சாம்பியன். இன்னைக்கு வரைக்கும் ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டின இந்தியர்கள் ரெண்டே பேர், இவங்க ரெண்டு பேர்தான். ரெண்டு பேருமே அந்த மாருதி என்ஜினுக்கு முன்னாடி உக்காந்தவங்க.

இவங்க ஃபார்முலா 1 ஓட்டினதைக் கரி பார்க்கலை. 1995ல ஒரு விமான விபத்துல போயிட்டார். அவர் பேர்ல செட்டிபாளையத்துல 2.1 கிலோமீட்டர் டிராக் 2003ல திறந்தாங்க.

நரேன் 2005ல ஜோர்டான் டீம்ல ஃபார்முலா 1க்குப் போனார். அந்த வருசம் ஒரு புது விதி. தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் ஒரே செட் டயர், நடுவுல மாத்தக் கூடாது. ஜூன் 19, இண்டியானாபொலிஸ். சாய்வான கடைசி வளைவுல தங்க டயர் தாங்காதுன்னு மிஷலின் கம்பெனியே சொல்லிடுச்சு. வேற ஏற்பாடுக்கு எஃப்ஐஏ ஒத்துக்கலை. மிஷலின் போட்ட 14 வண்டிகளும் ஃபார்மேஷன் சுற்று முடிஞ்சதும் பிட்டுக்குத் திரும்பிடுச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே வண்டி ஓடுச்சு. நரேன் நாலாவது. 5 பாயிண்ட். ஃபார்முலா 1ல ஒரு இந்திய டிரைவர் எடுத்த பாயிண்ட் இன்னைக்கு வரைக்கும் அது மட்டும்தான். 2011ல எச்ஆர்டி டீம்ல திரும்பி வந்தப்ப, முதல் ஆளோட நேரத்துல 107 சதவீதத்துக்குள்ள வரணும்ங்கிற விதி அவரை மெல்போர்ன்ல ரேஸ் ஓட்டவே விடலை. ஒரு விதி கொடுத்தது, இன்னொரு விதி பிடுங்கிடுச்சு. ரெண்டு நாளும் அவர் அதே மனுசன்தான்.

மறுபடியும் தண்ணி

ஃபெயில் ஆன கதையை அப்பாகிட்ட ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னேன். அப்பா திருப்பூர்ல சாயப்பட்டறையில டையிங் மாஸ்டரா இருந்தவர். ரேஸ் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. 1982 தண்ணித் தொட்டிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுட்டுச் சிரிக்கலை.

எங்க ஊருக்கு வெளிய இருக்கறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். காட்டன் துணிக்குச் சாயம் ஏத்த உப்பு வேணும், லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம். சாயத்தோட நிறத்தைச் சுத்திகரிப்புல எடுத்துடலாம். கரைஞ்ச உப்பு சாதாரணச் சுத்திகரிப்புல போகாது. கழிவு நீர்ல கரைஞ்ச திடப்பொருள், அதான் டிடிஎஸ், லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு மாசுக் கட்டுப்பாட்டு விதி இருந்தது.

இப்ப இந்த விதியை ரேஸ் டிசைனர் கண்ணோட படிச்சுப் பாருங்க. 'லிட்டருக்கு' இவ்வளவு. மொத்தம் எவ்வளவுன்னு இல்லை. 6300 இருக்கற ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டு லிட்டர் நல்ல தண்ணியைக் கலந்தா அளவு சரியா 2100. உப்பு என்னவோ அதே 6.3 கிராம்தான். யார் செஞ்சாங்க, செய்யலைங்கிறதுக்குள்ள நான் போகலை. விதியோட வடிவமே அப்படிப்பட்டதுன்னு சொல்றேன். அப்பா ரெண்டே வரியில முடிச்சார்:

"குடுவைல பாஸாயிருங் கண்ணு. ஆத்துல பாஸாகோணுமில்ல?"

ஆத்துல பாஸாகலை. பாசனத்துக்காக நொய்யல் மேல கட்டி 1992ல முடிஞ்ச ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கற தொட்டியாச்சு. கீழ இருந்த விவசாயிகள் வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்தாங்க. 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் விதியோட வடிவத்தையே மாத்துச்சு. லிட்டருக்கு இவ்வளவுன்னு இல்லை, ஒரு சொட்டுக் கூட வெளிய விடக் கூடாது. 2009ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. அதுக்கப்புறமும் ஒழுங்கா நடக்காததால 2011 ஜனவரி 28ம் தேதி சாயப்பட்டறைகள் மொத்தத்தையும் மூடச் சொல்லி உத்தரவு. 700க்கும் மேல. ஒரே நாள்ல.

நான் அப்ப ஸ்கூல் பையன். அப்பா காலையில எழுந்து, குளிச்சு, சட்டை போட்டு, திண்ணையில உக்காந்திருப்பார். போறதுக்கு இடமில்லை. சில மாசம் அப்படி. தப்பு செய்யாத பட்டறையில வேலை பார்த்தவங்களுக்கும் சேர்த்துத்தான் மூடல். எங்க டீம்ல விஷயம் தெரியாத அந்தப் பதினேழு பசங்க மாதிரியே.

அப்புறம் அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்ஓ, ஆவியாக்கி, உப்புத் தண்ணியையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தறதுன்னு என்ஜினியர்கள் உக்காந்து வழி கண்டுபிடிச்சாங்க. பட்டறைகள் ஒண்ணொண்ணா திறந்தது. 'பூஜ்யம்'ங்கிற விதியில தண்ணி கலந்து தப்பிக்க வழியில்லை. வேற வழியில்லைன்னதும் அதே புத்தி வேற பக்கம் வேலை செஞ்சது. செலவு அதிகம்தான், இன்னைக்கும் புலம்பல் உண்டு. ஆனா சந்து தேடற மூளையும் சுத்திகரிக்கற மூளையும் ஒரே மூளைங்கிறதை நான் என் ஊர்லதான் பார்த்தேன்.

ஆகவே மக்களே, விதியில சந்து தேடறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். மர்ரேவோட ஃபேன், பிரானோட ரெண்டாவது அடுக்கு, கரியோட மாருதி எல்லாம் சந்துல பிறந்ததுதான். நான் இப்ப ரெண்டு கேள்வி மட்டும் கேட்டுக்கறேன். செய்யறதை எல்லார் முன்னாடியும் வச்சுச் செய்ய முடியுமா? தராசுல இல்லாத எடையை யார் சுமக்கறாங்க? 1982ல அந்த எடையைச் சுமந்தது தோத்துப் போன சில டிரைவர்கள். நொய்யல்ல சுமந்தது ஒரத்துப்பாளையத்துக்குக் கீழ இருந்த கிணறுகள்.

எங்க வண்டியோட ரெஸ்ட்ரிக்டர் இன்னும் என் மேசையில இருக்கு. பேனா ஸ்டாண்டா வச்சிருக்கேன். ரெண்டு மூணு பேனாதான் நுழையும், ஓட்டை 20 மில்லிமீட்டர்தானே :-)

டிஸ்கி: உங்க ஊர்ல, உங்க தொழில்ல 'குடுவையில பாஸ், ஆத்துல ஃபெயில்' கதை ஏதாவது இருந்தா எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.